தானே செய்யட்டும்

"கையை எடுங்கம்மா! அவர் சட்டைக்கு அவரே பட்டன் போடட்டும்!"

நர்ஸ் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கட்டில் விளிம்பில் பாதி பட்டன் போட்ட சட்டையோடு கணவர் உட்கார்ந்திருந்தார். அவர்முன் நின்றிருந்த மனைவி விருட்டென்று திரும்பினாள்.

"போட்டா என்ன குடி முழுகிப் போகுது? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான்தான் போட்டு விடறேன்."

"அதான் வினையே! நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சட்டை போடறது, தட்டு கழுவறது, முட்டை உரிக்கறது எல்லாம் இவரே செய்யணும். செய்யற வரைக்கும் டிஸ்சார்ஜ் கிடையாது. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எப்படா வீட்டுக்குப் போவோம்னு தவிச்சிட்டிருக்கோம். தடுக்க நீ யாரும்மா?"

கோபத்தில் மனைவிக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க. உட்கார்ந்துக்கிட்டே சண்டை போடுங்க."

"எனக்கு நாற்காலி வேண்டாம், பதில் வேணும்! நர்ஸ்னா ஓடி வந்து செய்யணும். நீ கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கறே!"

"நாங்க படிச்ச தியரியே அதுதாம்மா. அவங்கவங்க காரியத்தை அவங்கவங்களே பார்த்துக்கணும். எங்கே முடியலையோ அங்கேதான் நாங்க. அசையவே முடியலைன்னா எல்லாம் நாங்க செய்வோம். கொஞ்சம் முடிஞ்சா மீதியை நாங்க செய்வோம். முடியும், ஆனா செய்யத் தெரியலைன்னா பக்கத்துல நின்னு சொல்லித் தருவோம். இவர் அந்தக் கடைசி ரகம்."

"தியரியாம் தியரி! பரீட்சைக்கு உருப்போட்டதை எல்லாம் எங்க தலையில கட்டாதே!"

"உருப்போடறப்ப எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துச்சு. வார்டுக்கு வந்தப்புறம்தான் அதோட அருமை தெரிஞ்சுது. வீட்ல வேற ஆளே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? இவரை இப்படியே கூட்டிட்டுப் போனா, பத்தே நாள்ல மறுபடியும் இங்கதான் வந்து நிப்பீங்க!"

கணவர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர் சொல்றதும்..."

"நீங்க சும்மா இருங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சீறினார்கள்.

அவர் வாயை மூடிக்கொண்டு தட்டிலிருந்த முட்டையை எடுத்தார். கணக்குப் பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நகத்தால் ஓட்டைக் குத்தினார். முட்டை வழுக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

"பார்த்தியா? பாவம், அந்த மனுஷனைப் போட்டு இந்தப் பாடு படுத்தறியே, நீ நல்லா இருப்பியா?" என்று பொரிந்து தள்ளியபடி மனைவி முட்டையை எடுக்கக் குனிந்தாள்.

"குனியாதீங்க!"

நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் மனைவி 'அம்மா' என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கணவர் அப்போதும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. நர்ஸ் பாய்ந்து போய் அவளைத் தாங்கினாள். நர்ஸின் பொறுமை சுத்தமாகப் போய்விட்டது.

"யோவ், முதல்ல பேஷன்ட் கட்டிலை விட்டு எழுந்திருய்யா! வயித்துத் தையல் பிரியறதுக்குள்ள அந்தம்மாவைப் படுக்க விடு!"