கெண்டைக்கால் நரம்பு

டாக்டர் ஒரு கைக்குட்டையை எடுத்துக் குழந்தையின் முகத்தில் போட்டார்.

ஆறு மாதப் பெண் குழந்தை. இடது கையால் சடக்கென்று இழுத்து எறிந்துவிட்டுச் சிரித்தாள்.

"கெட்டிக்காரி" என்ற டாக்டர், இந்தத் தடவை அவளுடைய இடது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு மறுபடியும் போட்டார்.

துணிக்கு அடியில் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. கால்கள் உதைத்தன. வலது கை மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது. சிணுங்கல் அழுகையானது.

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

டாக்டர் துணியை எடுத்தார். "பிரசவத்துல தோள் மாட்டிக்கிச்சுன்னு சொன்னீங்களே, அப்ப கழுத்துலேர்ந்து கைக்குப் போற நரம்பு இழுபட்டு அறுந்திருக்கு. நிறைய குழந்தைங்களுக்கு தானாவே சரியாயிடும். இவளுக்கு இன்னும் முழங்கைகூட மடங்கலை. இனிமே ஆபரேஷன்தான். ரெண்டு கெண்டைக்கால்லேர்ந்தும் நரம்பு எடுத்து அங்க ஒட்டுப் போடணும்."

"காலுக்கு ஒண்ணும் ஆகாதே டாக்டர்?"

"நல்லா நடப்பா, ஓடுவா. பாதத்தோட வெளி ஓரம் மட்டும் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ரொம்பத் தள்ளிப் போடாதீங்க."

வெளியே அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கிறவன். எங்கே போனாலும் சுவரைத்தான் பார்ப்பான்.

"டாக்டர் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

"நல்லா இருக்கிற ரெண்டு காலையும் கிழிக்கணுமாம்ல?"

"போடுவீங்களா, மாட்டீங்களா?"

"யோசிக்கலாம்" என்று படியிறங்கிவிட்டான்.

அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. எதிர்வீட்டுக் குழந்தை தன் அம்மாவைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவும். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கு மார்பு கனத்துப் போகும். இவளுடைய குழந்தையிடமிருந்து ஒரு கைதான் வரும். இன்னொன்றை இவளே எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொள்வாள். கையை விட்டால் அது நழுவிவிடும். மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. காகிதம் அலமாரியில் அப்படியே இருந்தது. அவன் வேலைக்குப் போனான், வந்தான், கையில் ஒட்டிய பெயின்ட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். கேட்டால் "பார்க்கலாம்" என்பான்.

போனில் அக்கா கேட்டாள்: "பொம்பளைப் புள்ளைதானேன்னு விட்டுட்டாரோ என்னவோ."

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்றாள் இவள். ஆனால் அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மூன்றாவது வாரம் முடிந்த அன்று காலையில், வேலைக்குக் கிளம்பியவன் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தான்.

"எங்க போடணும்?"

காட்டினாள். போட்டான். ஏன் இத்தனை நாள் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஆபரேஷன் காலையில் ஆரம்பித்து மாலையில் முடிந்தது. கட்டுப் பிரித்த பிறகு தினமும் ஐந்து வேளை கைப்பயிற்சி. "நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அவசரப்படக் கூடாது" என்று சொல்லியிருந்தார் டாக்டர். அவள் தையல் டேப்பை எடுத்துக் குழந்தையின் கழுத்திலிருந்து முழங்கைவரை அளந்து பார்த்தாள். எத்தனை நாள் என்று கணக்குப் போட்டாள். அடுத்த வாரமும் அளந்தாள். வெளியிலிருந்து அளந்தால் தெரியாது என்று தெரிந்தும் அளந்தாள்.

பத்து மாதம் கழித்து, டாக்டரின் மேஜை முன்னால் அவள் மடியில் உட்கார்ந்திருந்தாள் குழந்தை. அவன் வேலைக்குப் போயிருந்தான்.

மேஜையில் ஒரு சிவப்புப் பேனா. குழந்தை அதையே பார்த்தாள். வலது முழங்கை மெதுவாக மடங்கியது. கை மார்பு உயரம் எழுந்து, கொஞ்சம் நடுங்கி, பேனாவைத் தொடாமலே இறங்கியது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"முழங்கை வந்திருச்சு" என்றார் டாக்டர். "தோள் எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா இன்னும் வரும்."

"மூணு வாரம் முன்னாடியே பண்ணியிருந்தா முழுசா வந்திருக்குமா டாக்டர்?"

"மூணு வாரத்துல அப்படியொண்ணும் மாறியிருக்காதும்மா."

"இருந்தாலும் நான் எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? பெத்த பாசம்னு ஒண்ணு இருந்தா, அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பார்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"அவர் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"என்னத்தை?"

"அந்த மூணு வாரத்துல நாலு தடவை இங்க வந்தாரு. குழந்தை காலைத் தொடாதீங்க, என் கால்லேர்ந்து எடுத்துக்குங்கன்னு. பெத்த அப்பாவோட நரம்பா இருந்தாலும் உடம்பு சுலபமா ஏத்துக்காது, அவளோடதுதான் வேணும்னு சொன்னேன். கேட்கலை. ஒருதடவை ரத்தத்தையாவது சோதிச்சுப் பாருங்கன்னு வாசல்லயே நின்னாரு."

அவள் குழந்தையின் கெண்டைக்கால் தழும்பைத் தடவினாள்.

"கடைசியா, பயமுறுத்தியாவது அனுப்பி வைப்போம்னு, பாதம் மரத்துப் போச்சுன்னா அப்புறம் நீங்க எப்படிப்பா ஏணியில ஏறுவீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'கீழ நின்னு அடிக்கிற சுவரும் இருக்கு டாக்டர்'னாரு."