சமையலுக்கு வேற ஆள்

"நாளையிலேர்ந்து நீ சமைக்க வராதே. வேற ஆள் பார்த்துக்கறேன்."

அறுவடை மெஷின் டிரைவர்கள் தட்டில் கை வைத்திருந்த நேரம் பார்த்துத்தான் வைரக்கண்ணு இதைச் சொன்னார். மூட்டை தூக்கி, திட்டு வாங்கி, பேரம் பேசிப் பேசியே ரெண்டு மெஷினுக்கு முதலாளி ஆனவர். எதையும் மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லை.

தர்மாம்பாள் குழம்புக் கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"ஏண்ணே, உப்பு கூடிப்போச்சா?"

"வெள்ளிக்கிழமை ஒரத்தநாடு ஆஸ்பத்திரியில எந்த வாசல்ல நின்னே? நம்பிக்கை மையம்னு போர்டு இருக்கே, அங்கதானே? டீக்கடை மதிவாணன் பார்த்துட்டு வந்து சொல்றான்."

சாப்பிட்ட கைகள் நின்றன.

"அங்க என்ன வியாதிக்கு ரத்தம் எடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஹெச்.ஐ.வி.க்கு. இல்லைன்னு சொல்லு பார்ப்போம்."

"அதுக்குத்தாண்ணே எடுக்கறாங்க."

"யாருக்கு எடுத்தாங்க?"

எதிராளியின் கண் எப்போது தடுமாறுகிறது என்று பார்த்தே விலை சொல்கிறவர் வைரக்கண்ணு. இப்போது அவள் கண் தடுமாறியது.

"எனக்குத்தான்."

"கேட்டுக்கிட்டீங்களாப்பா?" என்று டிரைவர்கள் பக்கம் திரும்பினார்.

ஆத்தூர்க்கார டிரைவர் ஒருத்தன் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "கேட்டோம் மொதலாளி. எங்க ஊர்ல கேம்ப் போட்டுச் சொல்லியிருக்காங்க. ஆணுறை இல்லாம கண்ட இடத்துக்குப் போனா வரும். கத்திரிக்காய்க் குழம்புல எப்படிங்க வரும்? அக்கா, இன்னொரு கரண்டி ஊத்துங்க."

கண்ட இடம் என்றதும் வைரக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் மெஷினோடு ஆந்திரா பக்கம் போயிருந்தபோது, அவரும் ஓர் இடத்துக்குப் போனார். குடிபோதையில் போய், தெளிந்ததிலிருந்து பயந்துகொண்டிருக்கிறார்.

அதனாலேயே குரல் இன்னும் ஏறியது. "எனக்கே பாடம் எடுக்கறியா? தின்னுட்டு வண்டியை எடு."

தர்மாம்பாள் கேட்டவனுக்கு ஒரு கரண்டி ஊற்றினாள். கையைக் கழுவிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தாள்.

வைரக்கண்ணு வீட்டுக்கு வந்தால், சேதி அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

"சமையலுக்கு யாரை வச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி வேம்பு.

"பார்க்கணும்."

"இந்த வீட்ல மட்டும் எதுக்கு என் கையால சாப்பிடறீங்க? இங்கயும் வேற ஆள் பாருங்க."

"என்ன உளர்றே?"

"அந்த வாசல்ல நின்னவளே ஆகாதுன்னா, உள்ள போய் ரத்தம் குடுத்தவ எப்படி ஆவா? குடுத்தது நான். அவ எனக்குத் துணைக்கு வந்தா."

வைரக்கண்ணு வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்ன... சொன்னாங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்லை."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி நின்றது பாதி இறங்கியது.

"உன்னை யாரு அங்க போகச் சொன்னா?" கோபப்படத்தான் பார்த்தார். கெஞ்சலாகத்தான் வந்தது.

"நீங்கதான். ஆந்திராவுலேர்ந்து வந்ததுலேர்ந்து என் முகத்தைப் பார்த்து நீங்க பேசலை. வேற எப்படிச் சொல்லணும்? அடுத்து உங்களை வரச் சொல்லியிருக்காங்க."

மறுநாள் காலையில் தர்மாம்பாள் வீட்டு வாசலில் போய் நின்றார். பதிலுக்கு என்ன தருவது என்று தெரியாமல் ஒருத்தரிடம் ஒன்றைக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"நேத்து நான் பேசினது தப்பு. இன்னிக்கு... எனக்கும் துணைக்கு வரணும். தனியாப் போக பயமா இருக்கு."

தர்மாம்பாள் திட்டுவாள் என்று காத்திருந்தார்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா? ரத்தம் எடுத்தா உங்களுக்கெல்லாம் மயக்கம் வரும். இருங்க, இட்லி இருக்கு" என்றாள்.

மத்தியானம் மையத்தை விட்டு வெளியே வந்த வைரக்கண்ணு, வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். தர்மாம்பாள் பதறிப்போனாள்.

"என்னண்ணே ஆச்சு? எதுவா இருந்தாலும் மருந்து இருக்கு. தெனம் சாப்பிட்டா நல்லா இருக்கலாம்னு உள்ள சொன்னாங்கள்ல?"

"எதுவும் இல்லைன்னுட்டாங்க" என்றார், அழுதபடியே.

ஊரில் பஸ் நின்றது மதிவாணன் டீக்கடைக்கு நேர் எதிரே. இறங்கிய இருவரையும் கடையே திரும்பிப் பார்த்தது.

"என்னண்ணே, இவளோட எங்க போயிட்டு வர்றீங்க?" என்றான் மதிவாணன்.

வைரக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் தர்மாம்பாள் முந்திக்கொண்டாள். "எனக்குத்தான். மறுபடியும் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணன் துணைக்கு வந்தாரு."

"அடேயப்பா, எவ்வளவு பெரிய மனசுண்ணே உங்களுக்கு" என்றான் மதிவாணன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். கைக்காசு செலவில்லாமல் இப்படி ஒரு பேர் கிடைக்காது.

வைரக்கண்ணு உட்காரவில்லை. மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய அதே குரலில் சொன்னார்: "அவங்க சொல்றது பொய். ரத்தம் குடுத்தது நான், துணைக்கு வந்தது அவங்க. சமையலுக்கும் இனிமே அவங்கதான். மதிவாணா, உனக்கும் பார்க்கணும்னா வெக்கப்படாம சொல்லு. துணைக்கு நான் வர்றேன்."