ஹில்மர் வைத்த ரோஜா

"என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன் வெர்னா! அந்த டுவேன் உன்னை நல்லா ஏமாத்தறான்!"

பக்கத்து வீட்டு மாவிஸ், சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

வெர்னா அதற்குள் கோட்டு போட்டுக்கொண்டு ஜன்னலோரம் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஏப்ரல் மாதத்து மூன்றாவது திங்கள்கிழமை. ரோஜாவை எழுப்புகிற நாள்.

எங்கள் மின்னசோட்டா குளிரில் ரோஜாச் செடி நின்றபடி பிழைக்காது. அக்டோபரில் ஒரு பக்கத்து வேரைத் தளர்த்தி, கிளைகளைக் கயிற்றால் கட்டி, செடியை அப்படியே பள்ளத்தில் படுக்க வைத்து, மண்ணும் சருகும் போட்டு மூடிவிடுவோம். பனி உருகியதும் தோண்டி நிமிர்த்துவோம்.

வெர்னா வீட்டு ரோஜா, அவளுக்குக் கல்யாணமான வருஷம் அவள் கணவர் ஹில்மர் வைத்தது. ஐம்பத்திரண்டு வருஷம் அவரே படுக்க வைத்தார், அவரே எழுப்பினார். அவர் போய் நாலு வருஷமாகிறது. இப்போது அந்த வேலை டுவேனுடையது. தெருவில் பாதி வீடுகளுக்கு அவன்தான் தோட்டம் பார்க்கிறான்.

குளிர்காலம் முழுக்க வெர்னாவுக்கு அந்த ஜன்னல்தான் கதி. பாத்திரம் கழுவும்போதெல்லாம் பனி மூடிய அந்த மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஹில்மரின் கல்லறைக்குப் போகும் பாதை டிசம்பரிலேயே பனியில் அடைத்துக்கொள்ளும். எப்போது ஏப்ரல் வரும், எப்போது அந்தச் செடி எழுந்து நிற்கும் என்று மனசு கிடந்து தவிக்கும்.

"அப்படி என்னத்தைப் பார்த்தே?" என்றாள் வெர்னா.

"வெள்ளிக்கிழமை நீ முடி வெட்டிக்கப் போனே இல்ல? அப்ப வந்தான். மேட்டைத் தோண்டினான். உள்ளே செடி கரிக்கட்டையா செத்துக் கிடக்கு! அதைத் தூக்கி வண்டியில போட்டான். நர்சரியிலேர்ந்து கொண்டாந்த புதுச் செடியைப் பள்ளத்துல படுக்க வச்சு, மறுபடி மண்ணைப் போட்டு மூடிட்டுப் போயிட்டான். இன்னிக்கு உன் முன்னாடி தோண்டி எடுத்து, 'பொழைச்சிருச்சு'ன்னு சொல்லப் போறான், பாரேன்!"

மாவிஸுக்குத் தெரியாமல் எங்கள் தெருவில் ஓர் அணில்கூடக் கொட்டை புதைக்க முடியாது.

"காபி குடிக்கிறியா?" என்றாள் வெர்னா.

"காபியா! ஹில்மர் வச்ச செடியைக் கொன்னுட்டு மறைக்கிறான்னு சொல்றேன், நீ காபிங்கறே! இன்னிக்கு நேருக்கு நேர் கேட்டுடறேன். நாளைக்கே வேற ஆளைப் பார்ப்போம்."

வெர்னாவின் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம் மாவிஸ். உனக்குப் புண்ணியமாப் போகும், கேட்டுடாதே."

"ஏன் கேக்கக் கூடாது?"

பதில் வருவதற்குள் வாசலில் டுவேனின் வண்டி வந்து நின்றது. இரண்டு பேரும் தோட்டத்துக்கு வந்தார்கள்.

"குளிரெல்லாம் எப்படிப் போச்சு, வெர்னாம்மா?"

"மோசமில்லைப்பா."

எங்கள் ஊரில் அதைவிட நல்ல வார்த்தை யார் வாயிலும் வராது.

டுவேன் மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை விலக்கினான். "இந்த வருஷம் குளிர் ரொம்பக் கடுமை. என்ன ஆகுமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்... ஆ, இங்க பாருங்க! தண்டு பச்சையா இருக்கு. பொழைச்சிருச்சு!"

மாவிஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "ஐம்பத்தாறு வருஷச் செடின்னு சொல்றாங்க. என் முழங்கால் உயரம்கூட இல்லையே?"

டுவேனின் காது சிவந்தது. "அது... குளிர்ல கொஞ்சம் சுருங்கியிருக்கும்."

"ஓ, செடிகூட சுருங்குமா? அப்ப வெள்ளிக்கிழமை நீ..."

"மாவிஸ்!" வெர்னா கத்தியேவிட்டாள். "உள்ளே கேக் கருகுது பாரு! ஓடு, அடுப்பை அணை!"

மாவிஸ் ஓடினாள். அடுப்பு ஜில்லென்று இருந்தது. உள்ளே கேக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

கோபத்தோடு திரும்பியவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். டுவேன் குனிந்து வேரைச் சுற்றி மண் அணைத்துக்கொண்டிருந்தான். அடிக்கிளையில் நர்சரிக்காரர்கள் கம்பியில் கட்டித் தொங்கவிடும் பெயர்த் தகடு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அதைக் கழற்ற மறந்திருக்கிறான். வெர்னா மெல்ல மண்டியிட்டு, அவன் பார்க்காத சமயம் அதைப் பிய்த்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஹில்மர் வச்ச மாதிரியே இருக்குப்பா" என்றாள்.

டுவேன் தலையை நிமிர்த்தவில்லை. "நல்ல செடிம்மா. லேசுல சாகாது."

அவன் வண்டி தெருக்கோடியைத் தாண்டும் வரைதான் மாவிஸால் பொறுக்க முடிந்தது. "அவன்தான் பொய் சொல்றான்னா நீயுமா?"

வெர்னா அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய காபி டப்பாவை இறக்கி, பையிலிருந்த தகட்டை அதில் போட்டாள்.

மாவிஸ் எட்டிப் பார்த்தாள். டப்பாவுக்குள் அதே மாதிரித் தகடுகள். துருப்பிடித்தவை, எழுத்து அழிந்தவை.

"அடிப்பாவி! உனக்கு எல்லாம் தெரியுமா?" என்றவள், இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். "இரு இரு. டுவேன் இங்க வேலைக்கு வந்தே நாலு வருஷம்தானே? இதுல இருபதுக்கு மேல இருக்கே?"

"மேல கிடக்கிற மூணுதான் டுவேனோடது." வெர்னா டப்பாவை மூடி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "மத்ததெல்லாம் துணி துவைக்கும்போது ஹில்மர் சட்டைப் பையிலேர்ந்து எடுத்தது. அவர் போனப்புறம் எனக்காக இப்படிப் பொய் சொல்ல இனிமே யார் இருக்கான்னுதான் ஏங்கிக்கிட்டிருந்தேன் மாவிஸ்."