ஆகஸ்ட் பதினாலில் பிறந்தவர்கள்

முப்பத்தொரு பேர். அத்தனை பேருக்கும் ஒரே பிறந்த தேதி: 1987 ஆகஸ்ட் 14.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உள்ள ஒரு கண் சிகிச்சைத் தொண்டு அமைப்புக்குக் கம்பியூட்டர் சிஸ்டம் எழுதிக் கொடுத்தவள் கேஷிகா. தேயிலைத் தோட்டங்களில் கண் மங்கியவர்களின் பெயர்களை அந்தந்தத் தோட்டத்து ஆள் போனில் பதிவார். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் டாக்டர் வண்டி புறப்படும்.

இந்தப் பட்டியல் றொசல்லைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வந்தது. பதிந்தவர் அங்கே டிஸ்பென்சரியில் உதவிக்கு இருக்கும் லெட்சுமணன்.

அமைப்பின் மேலாளர் முத்துலிங்கத்துக்குக் கோபம். தேதியே பொய் என்றால் பெயர்கள் மட்டும் மெய்யாகவா இருக்கும்? பட்டியலை அழித்துவிட்டு அந்த ஆளையும் நிறுத்தச் சொன்னார்.

அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கேஷிகா காலை ரயிலில் போனாள்.

லெட்சுமணன் அவளை நேராகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கூட்டிப் போனார். பெயர்கள் பொய் இல்லை. பட்டியலில் இருந்த பூரணி சுவரைத் தடவிக்கொண்டே வந்து, வந்திருப்பது யார் என்று கேட்டாள். அறுபதைத் தாண்டியிருப்பாள். சிஸ்டத்தில் அவளுக்கு வயது முப்பத்தெட்டு.

வெளியே வந்ததும் கேஷிகா கேட்டாள்.

"அந்தத் தேதி யாரோடது அண்ணே?"

"என்னோடது மிஸ்."

இவர்கள் யாரிடமும் பிறப்புப் பத்திரம் இல்லை என்றார். கேட்டால், மண்ணு சரிஞ்ச வருசம் பொறந்தேன் என்பார்கள். அந்த வருசம் எது என்று யாருக்கும் தெரியாது.

"தெரியலைன்னா காலியா விட்டிருக்கலாமே?"

"மார்ச் மாசம் காலியாத்தான் விட்டேன் மிஸ். போன்ல நன்றின்னு வந்துச்சு. வண்டி வரும்னு இவங்கள ரெண்டு நாள் ரோட்டுல ஒக்கார வச்சிருந்தேன். வரல. தேதி இல்லாட்டி பேரு போகாதுன்னு பொறகு பக்கத்துத் தோட்டத்துல பேரு பதியிற நாகலெட்சுமி சொல்லித்தான் தெரியும். அதுக்குள்ள பூரணியக்காவுக்கு ஒரு கண்ணு முழுசா போயிருச்சு."

தேதி இல்லாத வரியைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்படி சிஸ்டத்துக்குச் சொல்லிக் கொடுத்தது கேஷிகாதான். மார்ச்சில் இந்தத் தோட்டத்தின் பட்டியல் காலியாக இருந்ததையும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு அடுத்த தோட்டத்தின் பட்டியலுக்குப் போய்விட்டாள்.

"நான் எழுதினது பொய்தான் மிஸ். என்னைய நிப்பாட்டுங்க. பேரை மட்டும் வெட்டிராதீங்க," என்றார் லெட்சுமணன்.

டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்து அவள் மடிக்கணினியைத் திறந்தாள். பிறந்த தேதிக்குப் பக்கத்தில் 'தெரியாது' என்று ஒரு கட்டம் சேர்த்தாள். இருவரும் லயம் லயமாகப் போய், ஆளைப் பார்த்து உத்தேச வயதைக் கேட்டுப் பதிந்தார்கள். முப்பத்தொரு பேரும் பட்டியலில் நின்றார்கள்.

பிறகு முத்துலிங்கத்துக்குப் போன் எடுத்தாள். புதன்கிழமை வண்டியை இங்கே அனுப்பச் சொன்னாள். பொய் எழுதின ஆளை நிறுத்தியாயிற்றா என்று அவர் கேட்டார்.

"அந்த ஆள் நான்தான் சேர். பட்டியல் காலியா இருந்தா, 'இந்தத் தோட்டத்தில் நோயாளிகள் இல்லை'ன்னு காட்டும்படி எழுதி வச்சது நான்தான்."