சேதி வந்த காலை

“ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்ச சேதி ரேடியோவுல வந்தப்போ நீ எங்க இருந்தே பாய்?”

மூன்று வருஷமாக முனிரத்தினம் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையேதான் கேட்கிறார். டீக்கடை மஹபூப் பாஷாவிடம் இது ஏழாவது தடவை.

அன்று காலை, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகளுக்கு வலி கண்டது. சாலவாக்கத்திலிருந்து வேன் பிடித்து உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். இந்தக் கடைக்கு எதிரே யாரோ பூவரச மரத்தை வெட்டிச் சாய்த்து ரோட்டை மறித்திருந்தார்கள். பேத்தி வேனிலேயே பிறந்தாள். மகள் பிழைக்கவில்லை.

“எத்தினி தபா சொல்றது நைனா? கடைய தொறந்துகினு இருந்தேன். நாலு பசங்க வெட்டுனாங்க. மூஞ்சி தெரியல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒருத்தன் பேராச்சும் ஞாபகம் இல்லியா?”

“பேஜார் பண்ணாதே நைனா.” பாய் குனிந்து கிளாஸ் கழுவ ஆரம்பித்தார்.

கிழவரை ஊர் ஊராக மொபெட்டில் அழைத்துப்போகிற மாப்பிள்ளை தனகோட்டி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். வெளியே வந்ததும் அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, எல்லாரையும் கேக்குறீங்க. என்ன மட்டும் ஏன் கேக்கல? கட்சிக்காரப் பசங்களோட நானும் அன்னிக்கு... அவ அந்த வேன்ல வர்றான்னு எனக்கு...”

முனிரத்தினம் அவன் வாயைப் பொத்தினார்.

“கோடாலி புடிச்சது நீதான்னு மொத வருசமே தெரியும் மாப்ள. இல்ல, வேற ஒருத்தன்னு யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னுதான் கேட்டுகினு கீறேன்.”