மேலே ஒரு சாண்

நெற்றியும் ஒரு காதும்தான் தெரிகிறது, போனைத் தள்ளிப் பிடியுங்கள் என்றாள் ஏலிஸ்.

ஒகுஸ்த் தள்ளிப் பிடிக்கவில்லை. மூக்குக்கண்ணாடி கையில் இல்லை, தள்ளினால் உன் முகம் தெரியாது என்றார். பாதி உண்மை.

மகள் இருந்தது பிரான்சில், கிரெனோபிளுக்கு மேலே ஒரு மலை ஊரில். அங்கே மத்தியானம் ஒரு மணி. இங்கே நோணாங்குப்பத்தில் ஐந்தரை. இரண்டு இடத்திலும் ஒரே சாம்பல் வெளிச்சம். யார் பக்கம் சாயங்காலம் என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஏலிஸ் தன் கோழிக்கூண்டின் முன்னால் நின்றிருந்தாள். இன்று ராத்திரி மைனஸ் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டார்களாம். நேற்றே ஒரு கோழி செத்துவிட்டது. மீதி நாலு. கூண்டைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் வைத்து ஓட்டையே இல்லாமல் ஒட்டியிருக்கிறாள். அப்படியும் செத்துவிட்டது.

ஒகுஸ்த் அந்தக் குளிரை ஒரு தடவை பார்த்திருக்கிறார். மகள் வீட்டில் மூன்று மாதம். குளிரைத் தாங்கிக்கொண்டார். சண்டை போட ஓர் ஆள் கிடைக்காததைத்தான் தாங்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

போன மழைக்கு ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது ஏலிஸ் பறந்து வந்தாள். சேறு கழுவினாள். நனைந்துபோன இருதய ஆண்டவர் படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டாள். இனி எந்த வெள்ளமும் எட்டாதபடி, ஏணி வைத்து உத்திரத்தை ஒட்டி மாட்டினாள்.

அந்தப் படத்துக்குக் கீழே நிற்க வைத்து அவரிடம் வார்த்தை வாங்கினாள். இன்னொரு தடவை தண்ணீர் உள்ளே வந்தால் வீட்டை விற்றுவிட்டு அவளோடு போய்விட வேண்டும்.

சரி என்றார். அன்றைக்கு வேறு எதையும் சொல்ல முடியாது.

"கூண்டுக்குள்ள தலைய வுட்டுப் பாரு. கண்ணு எரியுதா?"

விட்டாள். உடனே வெளியே எடுத்தாள். எரிகிறது என்றாள்.

அப்படியென்றால் குளிர் கொல்லவில்லை, நீதான் கொன்றாய் என்றார். எச்சத்தின் நெடியும் மூச்சின் ஈரமும் போக வழியில்லை. காற்று அடிக்கிற பக்கத்தை மூடு. கோழி உட்காரும் உயரத்துக்கு மேலே ஒரு சாண் திறந்து வை. ஈர வைக்கோலை அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் போடு. கொண்டையில் வாஸ்லின் தடவு.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வைக்கோல் எடுத்து வருகிறேன் என்று போனைத் தரையில் மல்லாக்க வைத்துவிட்டுப் போனாள்.

திரை முழுக்க வானம்.

பனி விழத் தொடங்கியது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அவர் முகத்தைப் பார்த்து இறங்கியது. கண்ணாடியின் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது. கரைந்தது. ஒகுஸ்த் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடியே இருந்தார்.

பிறகு கீழே பார்த்தார்.

தண்ணீர் ஏணியின் நாலாவது படியில் நின்றது. காலையிலிருந்து அதே படி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கூடத்தை மெதுவாகச் சுற்றி வந்தது. கதவு வரை போய்த் தொட்டது. திரும்பியது.

அவர் பரண் மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பித்தளைப் பானைகள். பானைக்கு ஒன்றாக ஐந்து கோழிகள். சேவல் மடியில்.

அவருடைய கூண்டில் ஒரு குறையும் இல்லை. தார்ப்பாய் கட்டி, தென்னை மரத்தோடு கயிறு போட்டு இழுத்து, மேலே ஒரு சாண் விட்டிருந்தார். புயல் அதை அசைக்கவில்லை. ஆறு வந்தது. இப்போது ஜன்னல் வழியே பார்த்தால் அந்த ஒரு சாண்தான் தண்ணீருக்கு மேலே தெரிகிறது.

ஏலிஸ் திரும்பி வந்தாள். போனை எடுத்து மரக்கிளையில் சாய்த்து வைத்தாள். அதே நேரம் இங்கே ஜன்னல் கம்பியில் துடுப்பு இடித்தது. போட் ஹவுஸில் படகோட்டுகிற அம்மாவாசை. அவரைப் படகில் ஏற்றிப் போகக் காலையிலிருந்து மூன்றாவது தடவையாக வந்திருக்கிறான்.

யார் என்று கேட்டாள். அம்மாவாசை, மீன் வேண்டுமா என்று கேட்கிறான் என்றார்.

"மீனா? அது ஒங்க சமையக்கட்டுலதான் சுத்துதுண்ணே."

ஒகுஸ்த் கட்டைவிரலால் போனின் வாயை அடைத்தார். எது அதன் வாய் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. மறு கையால் ஐந்து நிமிஷம் பொறு என்று விரல் காட்டினார். அம்மாவாசை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அங்கே அவள் பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். ஒரு சாண் அளந்து கிழித்தாள். உள்ளே கோழிகளின் முனகல் அடங்கியது. திறந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து பனிக்குள் போனது. நாலு கோழியின் மூச்சு. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

இனி சாகாது என்றார்.

உங்கள் கோழிகள் எங்கே என்று கேட்டாள். கூண்டில்தான், தூங்கப் போய்விட்டன என்றார். சேவல் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது.

அவர் போனில் இரண்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. ஏலிஸ் திரைக்குப் பக்கத்தில் வந்தாள். அவர் கண்ணைப் பார்க்கவில்லை. கண்ணுக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முடியில் பனி சேர்ந்தது.

"அடுத்த தடவ கூண்ட இன்னும் ஒசத்திக் கட்டுங்க பப்பா. எறங்கறப்போ ஏணிய நல்லாப் புடிச்சுக்குங்க."

திரை இருண்டது.

போனைப் பானைக்குள் வைக்கத் திரும்பினார் ஒகுஸ்த்.

ஏலிஸ் உத்திரத்தை ஒட்டி மாட்டிய இருதய ஆண்டவர் படம் அவர் காதை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.