அத்தாயியின் சிரிப்பு

சோளக்காடு மலைக்கிராமத்துச் சமுதாயக் கூடத்தின் ஜன்னல்களைத் துணியால் மூடி, பட்டப்பகலில் தன் கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரையிட்டான் இயக்குநர் இளங்கோ. ரத்தக் காட்டேரியாகத் திரியும் ஒரு வெளிறிய சிறுமியின் கதை.

"படத்துல ஆருமே பேச மாட்டேங்கறாங்களே" என்று முணுமுணுத்தபடி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பாதிப் படத்தில் கூடம் காலி.

சந்தையில் மிளகு விற்கும் அத்தாயி மட்டும் முன்வரிசையில் அசையாமல் இருந்தாள். சிறுமி யார் கழுத்திலாவது பல்லைப் பதிக்கும்போதெல்லாம் வாய் மலரச் சிரித்தாள். தான் எடுத்த பேயைவிட அந்தச் சிரிப்புதான் இளங்கோவை நடுங்க வைத்தது.

படம் முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஏனுங்கக்கா, அவ ரத்தம் குடிக்கறப்பல்லாம் சிரிச்சீங்களே. பயமா இல்லீங்களா?"

"இதுல என்னங்க பயம்? அந்தப் புள்ளைக்குத்தான் போற எடத்துலெல்லாம் ரத்தம் கெடைக்குதே."

அத்தாயி வெற்றுத் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எம் பொண்ணுக்கும் மாசாமாசம் ரத்தம் ஏத்திட்டிருந்தோமுங்க. போன ஐப்பசியில மலை பூராக் கேட்டுப் பாத்தோம். அவளுக்குச் சேர்ற ரத்தம் ஆருகிட்டயும் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போக அடிவாரத்துக் காரவள்ளிக்கு எறங்கறதுக்குள்ள என் மடியிலயே போயிட்டா."

இளங்கோவின் கை புரொஜெக்டரை அணைக்கப் போனது. அத்தாயி தடுத்தாள்.

"இன்னொருக்கா போடுங்க சாமி. அந்தப் புள்ள வயிறாரக் குடிக்கறதப் பாத்துட்டுப் போறேன்."